கோ-வொர்க்கிங் இடங்கள்: நோட்டீஸ் வரும்வரை காத்திருக்க வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

பல நிறுவனங்களும் தனியாட்களும் வாடகைக்கு மேசை எடுத்து ஒரே கூரையின்கீழ் வேலை செய்யும் கோ-வொர்க்கிங் இடங்களை நடத்துபவர்கள் உள்ளாட்சி அலுவலகப் படியேறுவது பெரும்பாலும் இரண்டே சமயங்களில்தான். திறப்பு விழாவுக்கு அழைப்பிதழ் வைக்க. பிறகு, நோட்டீஸுக்குப் பதில் சொல்ல. நடுவில் பேச்சுவார்த்தையே இல்லாததால், சின்னச் சந்தேகம்கூடக் கோப்பாகிவிடுகிறது.

ஒரே கதவிலக்கத்தில் நாற்பது நிறுவனங்கள் பதிவாகியிருந்தால் எந்த அதிகாரிக்கும் போலி முகவரியோ என்று தோன்றும். நேரில் வந்து பார்த்தால் பெயர்ப்பலகையும் இருக்காது, அன்றைக்கு ஆளும் இருக்க மாட்டார். வரவேற்பு மேசையில் ஒரு பதிவேடு போதும்: உறுப்பினர் பெயர், ஒப்பந்தம் தொடங்கிய நாள், முடியும் நாள், மேசை எடுத்திருக்கிறாரா அல்லது பதிவுக்கு முகவரி மட்டுமா, அவருடைய தபாலை வாங்கிக்கொள்ளும் அதிகாரம் யாருக்கு. விலகியவர் பெயரை அந்த வாரமே அடித்துவிட வேண்டும். இதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள்.

அடுத்தது தீயணைப்புத் துறை. அனுமதி வாங்கியபோது கொடுத்த வரைபடம் ஒன்று. ஆறு மாதத்தில் தளம் வேறு மாதிரி ஆகியிருக்கும். குறிப்பாக, போன் பேசுவதற்கென்று வைக்கும் கண்ணாடிக் கூண்டுகள். கூண்டுக்குக் கூரை இருந்தால் உள்ளே எழும் புகை, தளத்தின் மேற்கூரையில் உள்ள உணர்கருவிக்கு எட்டத் தாமதமாகும். தெளிப்பான் தண்ணீரும் உள்ளே விழாது. வெளியேறும் வழியை அது நெருக்கினால் இன்னும் ஆபத்து. வாங்குவதற்கு முன்பே வரைபடத்தோடு போய்க் கேட்டால் எங்கே வைக்கலாம் என்று சொல்லிவிடுவார்கள். வைத்துவிட்டுக் கேட்டால் பிடுங்கத்தான் சொல்வார்கள்.

உள்ளாட்சி அதிகாரியுடனான முதல் சந்திப்புக்குப் பளபளப்பான கையேடு வேண்டாம். ஒரே தாள் போதும்: மொத்த மேசைகள், உண்மையில் நிரம்பும் மேசைகள், உறுப்பினர்களின் தொழில்கள், அவர்களில் எத்தனை பேர் அதே வட்டாரத்தில் குடியிருப்பவர்கள், எத்தனை பேர் சொந்த வண்டியில் வருகிறார்கள். இரண்டு வாரம், தினமும் காலை 11, மாலை 4 என இருமுறை தலை எண்ணினாலே நிரம்பும் கணக்கு கிடைத்துவிடும். விற்ற சந்தாக்களை வருகையாகக் காட்டக் கூடாது. சந்தா வாங்கிய எல்லோரும் ஒரே நாளில் வருவதில்லை என்பது தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும். ஒருநாள் ஆய்வுக்கு வரும் அதிகாரிக்கும் தெரிந்துவிடும்.

உறவு நிலைக்க எளிய வழி, உரிம உதவி முகாம். மாதத்தில் ஒரு பிற்பகல், உள்ளாட்சி ஊழியர் ஒருவர் வந்து தொழில் உரிமம், சொத்து வரி பற்றிய ஐயங்களைத் தீர்க்கலாம். உறுப்பினர் அல்லாதவர்களுக்கும் கதவு திறந்திருக்க வேண்டும். ஏற்பாடு எழுத்தில் இருக்க வேண்டும். அதிகாரிக்குத் தனிப்பட்ட முறையில் இலவச மேசை கொடுப்பது மட்டும் கூடவே கூடாது. இன்று நட்பாகத் தெரிவது நாளை கையூட்டு என்று எழுதப்படும்.

உள்ளாட்சிக்கும் ஒரு வார்த்தை. இத்தாலியின் மிலான் மாநகராட்சி 2013-இல் தகுதி நிபந்தனைகளைப் பகிரங்கமாக அறிவித்து, அதில் தேறிய கோ-வொர்க்கிங் இடங்களைப் பட்டியலிட்டது; அங்கே வேலை செய்பவர்களுக்கு மேசைக் கட்டணத்துக்கு உதவும் வவுச்சர் கொடுத்தது. நிபந்தனை வெளியில் இருந்தால், ஆள் தெரியாத சிறிய இடமும் விண்ணப்பிக்கலாம். இதற்கு மாறாக, உள்ளாட்சியே மொத்தமாகச் சில மேசைகளை வாடகைக்கு எடுத்துச் சும்மா போட்டு வைப்பது பணத்தை வீணாக்கும் வழி. யார், எந்த நாள் வந்தார் என்ற வருகைப் பதிவு இல்லாவிட்டால், அடுத்த தணிக்கையில் திட்டமே அடிபட்டுப் போகும்.

இன்னொன்று, இடமாற்றம். இரண்டு வருடம் பழகிய அதிகாரி மாறியதும் எல்லாம் முதலிலிருந்து தொடங்குகிறது. அதனால் கடிதங்களைப் பெயருக்கு எழுதாமல் பதவிக்கு எழுதி, ஒப்புகை முத்திரை வாங்கி வைப்பது நல்லது. அவருக்கு அடுத்த நிலையில் இருப்பவரையும், கோப்பை உண்மையில் நகர்த்தும் எழுத்தரையும் அறிந்து வைத்திருக்க வேண்டும். உள்ளாட்சியும் தன் பங்குக்கு, இந்த இடங்களுக்கான தொடர்பு அலுவலர் எந்தப் பதவியில் இருப்பவர் என்று அறிவிப்புப் பலகையில் ஒரு வரி எழுதிவிடலாம்.

இப்படிக்கு,
கோ-வொர்க்கிங் தொழிலில் உள்ள வாசகர்கள்