செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

விளையாட்டு வீரர்களின் கையெழுத்துகளைச் சேகரிக்கும் நம் சங்கத்தின் தலைவர் அவர்களுக்கும், இன்று வந்திருக்கும் 14 உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் 9 நடந்தன. டிசம்பர் முதல் ஞாயிறு ஃபெஞ்சல் புயல் மழையில் போனது. மற்ற இரண்டுக்குக் கூட்டம் நடத்தத் தேவையான ஆள் சேரவில்லை. பொங்கலையொட்டி தண்டையார்பேட்டையில் ஆல்பம் கண்காட்சி வைத்தோம்.

ஆட்டக்காரர்களுக்குக் கடிதம் எழுதி, உள்ளே அட்டையும் ஸ்டாம்ப் ஒட்டிய பதில் கவரும் வைத்துக் கையெழுத்து கேட்கும் தபால் திட்டத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். சென்ற ஏப்ரலில் நான் இதை முன்வைத்தபோது, "இந்தக் காலத்துல யாரு சார் லெட்டர் போடுறாங்க?" என்று கேட்டார்கள். மொத்தம் 43 கடிதங்கள் போட்டோம். 17 பதில்கள் வந்தன. ஆஸ்திரேலியக் கிரிக்கெட் வீரர் பிராட்மேன் தள்ளாத வயதிலும் உட்கார்ந்து ரசிகர் கடிதங்களுக்குக் கையெழுத்திட்டு அனுப்பியவர். இன்றைய கிரிக்கெட் நட்சத்திரங்களிடம் அதை எதிர்பார்க்க முடியாது. ஆனால் பழைய ஆக்கி, கால்பந்து, கேரம் ஆட்டக்காரர்களுக்கு எழுதினால் பதில் வருகிறது. அவர்களை யாரும் கேட்பதே இல்லை.

ஜூலையில் ஒரு மாலை, என் கையாலேயே என் முகவரி எழுதிய பழுப்புக் கவர் வாசல் கிரில்லில் செருகியிருந்தது. எழுபதுகளில் இந்தியாவுக்கு ஆடிய ஆக்கி வீரர் ஒருவரிடமிருந்து வந்தது. நான் வைத்தது ஒரு அட்டை. உள்ளே இரண்டு இருந்தன. கூடவே கோடு போட்ட நோட்டுத் தாளில், "கை நடுங்குகிறது தம்பி. இரண்டில் போட்டிருக்கிறேன், நன்றாக இருப்பதை வைத்துக்கொள்" என்று எழுதியிருந்தார். இரண்டையும் வைத்திருக்கிறேன்.

கையெழுத்துக்காக ஓட்டல் வாசலில் நிற்பதை நான் தடுக்கவில்லை. குகேஷ் உலகச் செஸ் பட்டம் வென்று சிங்கப்பூரிலிருந்து திரும்பிய அன்று நம்மவர்கள் 6 பேர் விமான நிலையம் போனார்கள். அந்தக் கூட்டத்தில் போட்டோதான் கிடைத்தது, கையெழுத்து கிடைக்கவில்லை. இரண்டு உறுப்பினர்கள் ஆன்லைனில் காசு கொடுத்து வாங்கிய, ஒரே வீரரின் கையெழுத்துள்ள படங்களை ஒன்றின்மேல் ஒன்று வைத்து வெளிச்சத்தில் பார்த்தோம். கையெழுத்து இழைக்கு இழை ஒன்றாக இருந்தது. மனிதக் கை இரண்டு தடவை அப்படிப் போடாது. தபாலிலும் அச்சடித்த கையெழுத்து வருவதுண்டு. லென்ஸில் பார்த்தால் புள்ளி புள்ளியாகத் தெரியும். அப்படி வந்த இரண்டை 17-ல் சேர்க்கவில்லை.

முறை தெரியாமல் போடக் கூடாது. கடிதம் ஒரு பக்கம், கையால் எழுத வேண்டும். அவர் ஆடிய ஆட்டம் ஒன்றையாவது குறிப்பிட வேண்டும். கேரமுக்கு 1996-ல் அர்ஜுனா விருது பெற்ற மரிய இருதயம் பெயரைக்கூட நம்மில் சிலர் என்னிடம் கேட்டுத்தான் தெரிந்துகொண்டார்கள் என்பதில் எனக்கு வருத்தம். கவர் மடங்காமல் இருக்க உள்ளே கெட்டி அட்டை வைக்க வேண்டும். வெளிநாட்டுக்குப் போடும்போது பதில் கவரில் நம் ஊர் ஸ்டாம்ப் ஒட்டினால் அங்கே செல்லாது.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஸ்டாம்ப் ஒட்டிய பதில் கவர்களை 6 பேருக்குத் தலா 5 என்று கொடுத்தேன். 5 கடிதங்கள்தான் போனது. மீதி 38-ம் நான் எழுதியவை. 31 பேரில் 12 பேர்தான் சந்தா கட்டியிருக்கிறார்கள். வீட்டுக் கஷ்டம் இருந்தால் தனியாகச் சொல்லுங்கள், தள்ளிக் கட்டலாம். போனையே எடுக்காமல் இருப்பதுதான் மனசைக் கஷ்டப்படுத்துகிறது.

கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். வரவும் செலவும் ஏறக்குறைய நேராகிவிட்டது. விழுந்த சிறு துண்டை நான் போட்டிருக்கிறேன்.

கூட்டத்துக்கு இடம் கொடுத்தவர்களுக்கும், டீ ஏற்பாடு செய்த துணைத் தலைவருக்கும், எங்கள் தெருத் தபால்காரருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு வேறு யாராவது செயலாளராக வந்தால் சந்தோஷமாக ஒப்படைப்பேன். தபால் திட்டத்தை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். செப்டம்பரில் நான் போட்ட ஒரு கடிதம் பிரிக்கப்படாமல், மேலே "காலமானார்" என்று சிவப்பு மையில் எழுதித் திரும்பி வந்தது. என் பட்டியலில் இன்னும் 40 பெயர்கள் இருக்கின்றன. பாதிப் பேர் எழுபதைத் தாண்டியவர்கள். கவர் வைத்திருப்பவர்கள் இன்று கலைவதற்குள் கொடுத்தால் நாளைக் காலையே எழுதிப் போட்டுவிடுவேன்.