அலையாத்தியின் செல் சவ்வு

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

எண்ணூர்க் கழிமுகத்து அலையாத்தி உப்பைத் தாங்கும் என்று ஒரே வரியில் எழுதி முடித்துவிடுகிறோம். அந்தத் தாங்குதிறனில் முக்கியப் பங்கு செல்லைச் சூழ்ந்த செல் சவ்வில் பதிந்துள்ள புரதங்களுக்கு உண்டு என்பதை உயிரியல் ஆசிரியை என்ற முறையில் வலியுறுத்த விரும்புகிறேன்.

இப்புரதங்களை ஆராய்வது எளிதன்று; நீரை விலக்கும் பகுதிகள் மிகுந்திருப்பதால் இவை எளிதில் கரைவதில்லை, அளவிலும் குறைவு. ஆகவே இலையை அரைத்து, டெக்ஸ்ட்ரான், பாலிஎத்திலீன் கிளைக்கால் என்னும் இரு வேதிப்பொருள்கள் கலந்த ஈரடுக்குக் கரைசலில் செல் சவ்வைத் தனியே பிரித்து, புரதங்களை டிரிப்சின் என்னும் நொதியால் துண்டாக்கி, நிறை நிறமாலைமானியில் அத்துண்டுகளின் நிறையை அளந்து, மரபணுத் தொகுதியோடு ஒப்பிட்டே அடையாளம் காண்கிறார்கள். இவற்றின் வகைகளும் பல: நீருக்கு வழிவிடும் அக்வாபோரின் என்னும் சவ்வுப் புரதங்களுக்கே, ஆய்வகங்களில் மாதிரியாகப் பயன்படும் அராபிடாப்சிஸ் செடியில் 35 மரபணுக்கள் உள்ளன!

சோடியத்தை வெளியேற்றும் கடத்திப் புரதங்களைப் பற்றியும், கழிமுகத்தருகே படிக்கும் எங்கள் மாணவர்களுக்காக, தங்கள் அறிவியல் பக்கத்தில் விரிவான கட்டுரை வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓர் ஆசிரியை, திருவொற்றியூர்