பட்டினப்பாக்கத்து அண்ணனுக்கு நன்றி

ஞாயிறு காலை பட்டினப்பாக்கத்தில் எங்கள் குழுப் பெண்ணுக்குத் தலை சுற்றியபோது ஸ்கூட்டரை நிறுத்திய அண்ணா, பெயர் கேட்பதற்குள் கிளம்பிவிட்டீர்கள். அதனால்தான் இந்தப் பதிவு.

எலியட்ஸ் கடற்கரையில் கூடி, திரு.வி.க. பாலம் தாண்டி, கலங்கரை விளக்கம் வரை ஓடும் சின்னக் குழு எங்களுடையது. நடத்துவது நான். சென்னையில் வெயிலைவிடப் புழுக்கம்தான் படுத்தும். காற்றில் ஈரம் கூடினால் வியர்வை சரியாக உலராது, உடல் சூடும் இறங்காது. அன்று அதுதான் நடந்தது.

நாங்கள் பதறிச் சுற்றி நின்றபோது நீங்கள்தான், "காத்து வரட்டும், தள்ளி நில்லுங்க" என்று அதட்டினீர்கள். நிழலில் படுக்கவைத்து, ஷூவைக் கழற்றி, காலைச் சற்று உயர்த்தி, உங்கள் துண்டையே நனைத்துக் கழுத்தில் போட்டீர்கள். தெளிந்த பிறகு உப்புப் போட்ட எலுமிச்சைச் சாறு, அதுவும் கொஞ்சம் கொஞ்சமாக. டாக்டரிடம் காட்டிவிட்டோம், நன்றாக இருக்கிறார். துண்டு என்னிடம் பத்திரமாக இருக்கிறது.

உண்மையைச் சொன்னால், எனக்கு வேகத்தில் பெரிய ஆசை இல்லை. கடைசியில் வருபவரோடு பேசிக்கொண்டே ஓடுவதும், முடிந்ததும் எல்லோரும் ஃபில்டர் காபியோடு அரட்டை அடிப்பதும்தான் என்னை விடியுமுன் எழுப்புகின்றன. (பேச முடியாத வேகம் புதியவர்களுக்கு அதிகம் என்பது எங்கள் குழுச் சட்டம்.)

ஞாயிறு காலை ஐந்தரைக்கு கார்ல் ஷ்மிட் நினைவுச் சின்னம் அருகே இருப்போம். ஓட வேண்டாம், காபிக்கு வாருங்கள் அண்ணா.