நோயாளிக்குச் சொல்லப்படாத மொழிபெயர்ப்பு

ஆசிரியர் அவர்களுக்கு,

பெப்ரவரி 4ஆம் திகதி உலகப் புற்றுநோய் தினம். நமக்கு அது சுதந்திர தினமும் ஆகையால் பெரும்பாலும் எவர் கண்ணிலும் படாமலே கழிந்துவிடுகிறது. கண்ணில் படும் ஆண்டுகளிலும் நோயின் அறிகுறிகள் எவை, எப்போது பரிசோதித்துக்கொள்ள வேண்டும் என்பன பற்றியே பத்திரிகைகளில் கட்டுரைகள் வருகின்றன. நோய் இன்னதென்று உறுதியான பின்னர் அது நோயாளிக்குச் சொல்லப்படுகிறதா, சொல்லாமல் விட்டால் என்ன நேர்கிறது என்பது பற்றி நான் வாசித்தது மிகக் குறைவு. எங்கள் வீட்டில் நடந்ததை முன்வைத்து அது பற்றி எழுத விரும்புகிறேன்.

என் தாயார் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து வெள்ளவத்தையில் என்னுடன் வசிப்பவர். சந்தையில் மரக்கறி வாங்கும் அளவுக்கு மேல் அவருக்குச் சிங்களம் தெரியாது. கழுத்தில் நெறி என்று நாம் சொல்லும் கட்டியொன்று தோன்றி வாரக்கணக்கில் வற்றாதிருக்கவே திசுப் பரிசோதனை செய்தோம்; லிம்போமா எனப்படும் நிணநீர்ப் புற்றுநோய் என்று முடிவு வந்தது. அன்றிரவே கனடாவில் இருக்கும் அண்ணாவும் இலண்டனில் இருக்கும் தம்பியும் நானும் வட்ஸ்அப்பில் பேசி ஒரு மணித்தியாலத்துக்குள் ஒருமனதாக முடிவெடுத்தோம்: அம்மாவுக்குச் சொல்வதில்லை. "அம்மா தாங்கமாட்டா" என்றார் அண்ணா. நாங்கள் மூவரும் அம்மாவைப் பற்றி இவ்வளவு இலகுவாக உடன்பட்டது அதற்கு முன்னர் நடந்ததாக எனக்கு நினைவில்லை. சாதாரண நெறிதான், அது திரும்பி வராமலிருக்க மூன்று வாரத்துக்கு ஒருமுறை சேலைன் ஏற்ற வேண்டும் என்று அவரிடம் சொல்லிவிட்டு மஹரகமவுக்கு அழைத்துச் சென்றேன்.

இதை எழுதும்போது எனக்கே சிரிப்பு வருகிறது. அங்குள்ள அரச புற்றுநோய் வைத்தியசாலைக்கு நம்பிக்கை, எதிர்பார்ப்பு என்று பொருள்படும் 'அபேக்ஷா' என்ற எவ்வளவோ நல்ல பெயர் வைத்திருக்கிறார்கள்; தேர்தலில் நிற்பவரை நாம் அபேட்சகர் என்கிறோமே, அதே சொல்லின் வேர்தான். ஆனால் வடக்கென்ன, தெற்கென்ன, மலையகமென்ன, ஒருவர் "மஹரகமவுக்குப் போய் வருகிறார்" என்று சொன்னால் இந்நாட்டில் எவரும் மேற்கொண்டு கேள்வி கேட்பதில்லை. தெஹிவளைச் சந்தியில் பஸ் நடத்துநர் "மஹரகம, மஹரகம" என்று கூவியபோது அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றும் பேசாமல் ஏறினார். அந்த மௌனத்தை நான் அறியாமை என்று எடுத்துக்கொண்டேன்.

கொழும்பில் வாழும் தமிழ்க் குடும்பங்களில் இத்தகைய மறைப்புக்கு மொழியும் துணை போகிறது என்பதே நான் முக்கியமாகச் சொல்ல வந்த விடயம். வைத்தியர் சிங்களத்தில் சொல்கிறார். பிள்ளை தமிழில் சொல்கிறது. நடுவில் எதை விடுவது, எதை மாற்றுவது என்பது முழுவதும் பிள்ளையின் கையில் இருக்கிறது. அம்மாவுக்கு ஏற்றப்பட்ட மருந்துகளில் டொக்சோரூபிசின் என்பது நாவற்பழத்தைப் பிழிந்த சாறு கலந்ததைப் போன்ற சிவப்பு நிறமுடையது. அதை ஏற்றிய பின் ஓரிரு நாட்களுக்குச் சிறுநீரும் சிவப்பாகப் போகலாம், பயப்படத் தேவையில்லை, அம்மாவிடம் சொல்லுங்கள் என்று வைத்தியர் என்னிடம் தெளிவாகச் சொன்னார். நான் சொல்லவில்லை. நெறிக்கு ஏற்றும் சேலைனுக்கு எதற்குச் சிறுநீர் சிவக்கிறது என்று அம்மா கேட்டால் விடை இல்லையே என்ற அச்சம்தான் காரணம். அன்று மாலை குளியலறைக்குச் சென்ற அம்மா இரத்தம் போகிறதென்றே நம்பியிருக்கிறார். எங்களைக் கலங்கவைக்கக் கூடாதென்று இரண்டு நாட்கள் எவரிடமும் வாய் திறக்காமல், தன் முடிவு நெருங்கிவிட்டதென்று எண்ணியபடி எனக்கு இடியப்பம் அவித்துத் தந்திருக்கிறார். பல மாதங்கள் கழித்தே இது எனக்குத் தெரியவந்தது.

விருந்தினர் விவகாரம் இன்னொன்று. இச்சிகிச்சையின்போது வெண்குருதிக் கலங்கள் குறைவதால் சாதாரண தடிமனும் ஆபத்தாகலாம். ஆகவே நெஸ்டமோல்ட் போத்தலும் திராட்சையுமாக வந்த உறவினர்களை நான் வாசலிலேயே மறித்து ஏதேதோ சாட்டுச் சொல்லி அனுப்பினேன். காரணம் தெரியாத அம்மா, வீடு தேடி வந்தவர்களை ஒரு வாய் தேநீர் கொடுக்காமல் திருப்பி அனுப்பவா உன்னை வளர்த்தேன் என்று ஒரு கிழமை என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

இவையெல்லாம் மனவருத்தத்தோடு போயின. மூன்றாவது நிகழ்வு உயிரோடு விளையாடியது. மருந்து ஏற்றி ஏறத்தாழ 7 முதல் 14 நாட்களுக்கு இடையில் இரத்தத்தில் வெண்குருதிக் கலங்கள் மிகவும் குறைந்து நிற்கும். அந்நாட்களில் உடல் வெப்பநிலை 38 பாகை செல்சியஸை, அதாவது நம் வீடுகளில் உள்ள வெப்பமானியில் 100.4 பாகை பரனைற்றைத் தொட்டால், விடியட்டும் என்று காத்திராமல் உடனே வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும். பனடோல் போட்டால் காய்ச்சல் மறைந்து நிற்கும். உள்ளே கிருமி பெருகிக்கொண்டிருக்கும். இதையும் வைத்தியர் சொன்னார். வீட்டில் எனக்கு மட்டுமே தெரியும். இரண்டாவது முறை மருந்தேற்றிய பத்தாம் நாள் நான் வேலைக்குப் போயிருந்தபோது அம்மாவுக்குக் குளிர்காய்ச்சல் கண்டது. ஐம்பது வருடங்களாகத் தான் செய்து வந்ததையே அவர் செய்தார்: இரண்டு பனடோல் விழுங்கி, கொத்தமல்லி அவித்துக் குடித்து, போர்த்திக்கொண்டு படுத்துவிட்டார். நான் வந்து தொட்டுப் பார்த்தபோது உடம்பு குளிர்ந்திருந்தது. களைப்பு என்றார், நானும் நம்பினேன். மறுநாள் அதிகாலையில் நடுக்கத்தோடு அவர் நிலைகுழம்பிப் பேசத் தொடங்கிய பிறகே முச்சக்கர வண்டி பிடித்தோம். நல்ல காலம், வைத்தியர்களும் தாதியரும் காப்பாற்றித் தந்தார்கள். தவறு முழுவதும் எங்களுடையது. நெறிக்கு மருந்தெடுக்கும் ஒரு பெண் காய்ச்சலுக்கு ஏன் பயப்பட வேண்டும்?

காய்ச்சல் தணிந்த நான்காம் நாள், கட்டிலருகே இருந்து நான் தோடம்பழம் உரித்துக்கொண்டிருக்கையில் அம்மா சொன்னார்: "மஹரகமவுக்குக் கூட்டிக்கொண்டு வந்துபோட்டு நெறி எண்டு சொல்லுறாய் பிள்ளை. நான் ஊரில இருந்தாலும் உலகத்தில தானே இருந்தனான்." முதல் நாளே அவருக்குத் தெரிந்திருக்கிறது. நாங்கள் வருந்துவோம் என்று அவர் நடித்தார். அவர் வருந்துவார் என்று நாங்கள் நடித்தோம். ஊரிலுள்ள காணி உறுதியை எங்கே வைத்திருக்கிறார், எவருக்கு எதைக் கொடுக்க நினைத்திருக்கிறார் என்பதையெல்லாம் எங்களிடம் பேச வழியின்றி அத்தனை நாளும் மனதுக்குள்ளேயே வைத்துக்கொண்டு இருந்திருக்கிறார்.

அதன்பின் நிலைமை மாறியது. வெப்பமானி அம்மாவின் தலைமாட்டுக்குப் போனது. காலையும் மாலையும் தானே அளந்து ஒரு பழைய பஞ்சாங்கத்தின் ஓரத்தில் குறித்து வைத்தார். உறவினர்களுக்குத் தானே தொலைபேசி எடுத்து, தடிமன் உள்ளவர்கள் வரவேண்டாம், மற்றவர்கள் ஒவ்வொருவராக வாருங்கள் என்று ஆணையிட்டார். என் சகோதரர்களுக்கும் அப்போதுதான் செய்வதற்கு ஒரு வேலை கிடைத்தது. அதுவரை பணம் அனுப்புவதையும் காணொளி அழைப்பில் கண்ணீரை மறைப்பதையும் தவிர அவர்களால் எதுவும் செய்ய முடியவில்லை. பின்னர் தம்பி மாத்திரை நேரங்களை நினைவூட்டும் பொறுப்பையும், அண்ணா உறங்க முடியாத இரவுகளில் அம்மாவோடு பேசிக்கொண்டிருக்கும் பொறுப்பையும் ஏற்றார்கள். நமக்கு நள்ளிரவென்றால் ரொறன்ரோவில் பகல் அல்லவா!

வயதானவர்கள் மனமுடைந்து போவார்கள், சொல்லாமல் இருப்பதே கருணை என்போர் இருக்கிறார்கள். அன்று நானும் அவர்களுள் ஒருத்தி. அதில் அன்பைத் தவிர வேறு நோக்கம் இருக்கவில்லை. எல்லோருக்கும் எல்லாவற்றையும் சொல்லியே ஆக வேண்டும் என்று நான் வாதிடவும் இல்லை. "எனக்கு ஒன்றும் சொல்லாதையுங்கோ, நீங்களே பாருங்கோ" என்று சொல்லும் தகப்பன்மாரும் உண்டு. அது அவர்கள் எடுத்த முடிவு, மதிக்க வேண்டியதே. ஆனால் அப்படி அவர்கள் சொல்வதற்காகவேனும் முதலில் கேட்க வேண்டுமே. முடிவு வந்தவுடன் பிள்ளைகளைத் தனியே அழைத்துச் சொல்வதற்கு முன், எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறீர்கள் என்று நோயாளியிடமே வைத்தியர்கள் ஒரு வார்த்தை கேட்டால் எத்தனையோ வீடுகளில் இந்த நாடகம் தொடங்காமலே போகும்.

அந்தக் கேள்வி தமிழில், நோயாளியின் உறவினரல்லாத ஒருவர் வழியாகக் கேட்கப்பட வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். அரசியலமைப்பின் 1987ஆம் ஆண்டு 13ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. அரச வைத்தியசாலைகளின் பெயர்ப்பலகைகளில் தமிழ் இருக்கிறது. ஆனால் நோயாளியின் உயிரைத் தொடும் உரையாடலை அவருடைய மகளோ மகனோ மொழிபெயர்க்க விடுவது அந்தப் பிள்ளைக்கும் பாரம், நோயாளிக்கும் ஆபத்து. புற்றுநோய்ச் சிகிச்சை நிலையங்களில் பயிற்சி பெற்ற தமிழ் உரைபெயர்ப்பாளர்களை அமர்த்துவது பற்றிச் சுகாதார அமைச்சு ஆலோசிக்க வேண்டும்.

தங்களிடமும் ஒரு வேண்டுகோள். மருந்தேற்றிய பின் எதற்குப் பயப்பட வேண்டும், எதற்குப் பயப்படத் தேவையில்லை என்பதை எளிய தமிழில் வைத்தியர்களைக் கொண்டு எழுதுவித்து, முதியோரும் வாசிக்கத்தக்க பெரிய எழுத்தில் வெளியிடுங்கள். வீட்டில் பத்திரிகையை முதலில் கையில் எடுப்பவர்கள் அவர்கள்தான். என் அம்மா மரண அறிவித்தல்களில் தொடங்குவார். "சிறிது காலம் சுகவீனமுற்றிருந்த" என்று அங்கே வாசித்தவுடன் "கான்சர்தான்" என்று அவர் சொல்வதை நான் சிறு வயதிலிருந்தே கேட்டிருக்கிறேன். அப்படிப்பட்டவருக்குத்தான் நாங்கள் நெறிக் கதை சொன்னோம்.

ஆறு முறை மருந்தேற்றி முடிந்து, இப்போது அம்மா மூன்று மாதத்துக்கு ஒருமுறை கிளினிக்குக்குப் போய் வருகிறார். கிளினிக் கொப்பியை என்னிடம் தருவதில்லை. இக்கடிதத்தை அனுப்பும் முன் அவருக்கு வாசித்துக் காட்டினேன். அன்று கொத்தமல்லியோடு இஞ்சியும் தட்டிப் போட்டதாகவும் அதை நான் விட்டுவிட்டதாகவும் சொன்னார்.

இப்படிக்கு,
ஒரு மகள்,
வெள்ளவத்தை, கொழும்பு 06.