பெட்டி இல்லாத ஸ்பீக்கருக்குக் கை கொடுத்தவர்களுக்கு

அன்புள்ள எல்லோருக்கும்,

ஒரு வருடமாக இழுத்த வேலை போன ஞாயிற்றுக்கிழமை முடிந்தது. இரண்டு ஓப்பன் பாஃபிள் டைபோல் ஸ்பீக்கர்களும், அதாவது பெட்டியில்லாமல் பலகையில் மாட்டி, முன்னும் பின்னும் ஒலி விடுகிறவை, அறையில் நின்று பாடுகின்றன. வருகிறவர்களிடம் "நானே செய்தது" என்று சொல்லிக்கொள்கிறேன். அதில் பாதி பொய். அந்தப் பாதிக்கு உரியவர்களுக்குத்தான் இந்தக் கடிதம்.

முதலில் ஒலியை அளக்க மைக் கொடுத்த நண்பருக்கு. பெயர் போடக்கூடாது என்று சொல்லிவிட்டீர்கள், போடவில்லை. 40 செ.மீ. அகலப் பலகையில் 12 அங்குல வூஃபரை, அதாவது பேஸ் என்கிற தாழ்ந்த ஒலிக்கான யூனிட்டை, மாட்டிவிட்டு, பெட்டி அடிக்கிற வேலை மிச்சம் என்று நான் மகிழ்ந்திருந்த நேரம் அது. பாட்டுப் போட்டால் பேஸைத் தேட வேண்டியிருந்தது. ஆம்ப்ளிஃபயர் மேல் பழி போட்டேன். நீங்கள் ஆம்ப்ளிஃபயரைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் அளவு டேப் கேட்டீர்கள். யூனிட்டில் அசைகிற கூம்பான கோன் முன்னால் காற்றைத் தள்ளும்போது பின்னால் இழுக்கிறது. பின்பக்க ஒலி பலகையைச் சுற்றி முன்னால் வர 20 செ.மீ. தான் கூடுதல் தூரம். ஏறக்குறைய 285 ஹெர்ட்ஸுக்குக் கீழே போகப் போக இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிடும். அதிர்வெண் பாதியாகிற ஒவ்வொரு முறையும் 6 டெசிபல் போகும், 36 ஹெர்ட்ஸில் 18 டெசிபல் காணாமல் போயிருக்கும் என்று பழைய கவர் ஒன்றின் பின்னால் எழுதிக் காட்டினீர்கள்.

"ஈக்வலைசரில் பேஸை மட்டும் ஏற்றிவிட்டால் சரியாகிவிடுமே" என்றேன். அதற்கும் அதே கவரில் பதில் இருந்தது. மூடிய பெட்டியில் ஓர் ஆக்டேவ் கீழே இறங்கினால், அதாவது அதிர்வெண் பாதியானால், அதே சத்தத்துக்குக் கோன் நான்கு மடங்கு அசைய வேண்டும். டைபோலில் எட்டு மடங்கு. 80 ஹெர்ட்ஸில் 1 மி.மீ. போதும் என்றால் அதே சத்தத்துக்கு 40 ஹெர்ட்ஸில் 8 மி.மீ. பக்கத்துக்கு இரண்டு வூஃபர் வைத்து, பின்பக்க ஒலி சுற்றி வரும் தூரம் கூட அவற்றை ஆழமான எச்-ஃபிரேமுக்குள் (முன்னும் பின்னும் திறந்த H வடிவச் சட்டம்) கொண்டுபோனது அந்தக் கவரின் புண்ணியம். அது இன்னும் என் கருவிப் பெட்டியில் இருக்கிறது.

அப்புறம் தச்சர் அண்ணன். நான் கொடுத்த வரைபடப்படி 25 மி.மீ. பிளைவுட்டில் மிட்ரேஞ்சுக்கான (நடுத்தர ஒலிக்கான யூனிட்) துளையை மரம் குடையும் ரவுட்டரால் சுத்தமாக வெட்டிவிட்டு, யூனிட்டை அதில் உட்கார வைத்துப் பின்பக்கம் போய்ப் பார்த்தார். "தம்பி, பின்னாலயும் சத்தம் வரணும்னு சொன்னீங்க. இங்க பாத்தா ஓட்டை குழாய் மாதிரில்ல இருக்கு?" என்றார். நான் பார்க்கவே இல்லை. சின்ன யூனிட், தடித்த பலகை; கோனுக்குப் பின்னால் காற்று போக இடமே இல்லை. என்ன ஏது என்று நான் யோசிப்பதற்குள், திருகு பிடிக்கிற இடங்களை மட்டும் விட்டுவிட்டு, பின்விளிம்பை 45 டிகிரிக்குச் சரித்துச் சீவினார். ஒலியியல் ஒரு வரி படிக்காதவர். ஒலியைப் பற்றி அந்த வருடம் எனக்குக் கிடைத்த மிகக் கூர்மையான கேள்வி அவருடையது.

எலக்ட்ரானிக்ஸ் பழுது பார்க்கும் தம்பிக்கு ஒரு நன்றி, ஒரு மன்னிப்பும் கூட. கோன் முன்னே போவதிலும் பின்னே வருவதிலும் இருக்கிற சின்ன வேறுபாடுகள் கழியட்டும் என்று இரண்டு வூஃபரில் ஒன்றைத் தலைகீழாக, காந்தம் முன்னால் தெரியும்படி மாட்டியிருந்தேன். அப்படி மாட்டினால் அதன் வயரையும் மாற்றிக் கொடுக்க வேண்டும். மறந்துவிட்டேன். ஒன்றின் ஒலியை மற்றது தின்றது, பேஸ் அறவே இல்லை. இரண்டு வாரம் டிஎஸ்பி (ஒலியை டிஜிட்டலாகத் திருத்தும் கருவி) அமைப்புகளை நோண்டி, யூனிட் விற்றவரைக்கூட மனதுக்குள் திட்டினேன். இவர் வந்தார், 1.5 வோல்ட் பேட்டரி ஒன்றை எடுத்து வயர் முனையில் தொட்டார். ஒரு கோன் என்னைப் பார்த்து வந்தது. அடுத்தது என்னை விட்டு விலகிப் போனது. சிரிக்காமல் இரண்டு முனையை மாற்றிச் செருகிவிட்டுக் கிளம்பிவிட்டார். மன்னிப்பு எதற்கென்றால், முதலில் அவரை "இதெல்லாம் வேற மாதிரி ஸ்பீக்கர், உனக்குப் புரியாது" என்று அனுப்பிவிட்டேன்.

நேரில் பார்த்திராத ஒருவருக்கும் கடன்பட்டிருக்கிறேன்: 2018-இல் மறைந்த ஸ்பீக்கர் வடிவமைப்பாளர் சீக்ஃபிரீட் லிங்க்விட்ஸ். எங்கள் வூஃபரும் மிட்ரேஞ்சும் 120 ஹெர்ட்ஸில் கைமாறுவது அவர் பெயரும் உடன் வேலை பார்த்த ரஸ் ரைலி பெயரும் சேர்ந்த கிராஸ்ஓவரில்தான் (ஒலியை அதிர்வெண் பார்த்து யூனிட்டுகளுக்குப் பிரித்துக் கொடுப்பது). அதன் கணக்கை அவர் 1976-இலேயே வெளியிட்டுவிட்டார். டைபோல் கணக்கையும் யாரும் படிக்கும்படி விளக்கி வைத்தார். எனக்குப் பிடித்தது அதைவிட வேறொன்று: ஃபீனிக்ஸ், ஓரியன், எல்எக்ஸ்521 என்று ஸ்பீக்கர் மேல் ஸ்பீக்கராகத் தன் வேலையைத் தானே திருத்திக்கொண்டே போனார். ஓரியனில் முதலில் பின்பக்க ட்வீட்டர் (உச்ச ஒலிக்கான சின்ன யூனிட்) கிடையாது, பிறகுதான் சேர்த்தார். நானும் செலவுக்குப் பயந்து அதை விட்டிருந்தேன். அவரே சேர்த்தார் என்று தெரிந்த பிறகு நானும் சேர்த்தேன். கூச்சமில்லை.

வீட்டில் இருவர். அளவெடுத்த அன்று வெட்டவெளியில் ஸ்பீக்கரை மேசை மேல் ஏற்றி இரைச்சலை ஓடவிட்டு, மகளைச் சுற்றி நடக்கச் சொன்னேன். பலகையின் விளிம்புக்கு நேர் பக்கவாட்டில் வந்ததும் நின்றாள். "அப்பா, ஆஃப் பண்ணிட்டியா?" ஓர் அடி முன்னால் வைத்தாள், சத்தம் வந்தது. பின்னால் வைத்தாள், அங்கேயும் வந்தது. 8 என்ற எண் வடிவில் முன்னும் பின்னும் பரவும் ஒலியின் இடுப்பில் அவள் நின்றிருந்தாள். அதற்கப்புறம் அரை மணி நேரம் அந்த ஒரு கோட்டில் உள்ளேயும் வெளியேயும் குதித்துக்கொண்டிருந்ததால் அன்றைய அளவுகளில் பாதி வீண். பரவாயில்லை.

அப்பாவுக்கு. பின்சுவரிலிருந்து 1.2 மீட்டர் தள்ளி வைக்க வேண்டும் என்றதும் முகம் சுளித்தார். நியாயம்தான், நடக்கிற வழியில் பாதி போய்விட்டது. சுவரில் பட்டு வரும் ஒலி ஏழு மில்லி செகண்டாவது பிந்தி வந்தால்தான் காது அதைத் தனியாகப் பிரிக்கும் என்று விளக்கினேன். பதில் சொல்லவில்லை. மறுநாள் பார்த்தால் ஸ்பீக்கரின் அடியில் நான்கு மூலைக்கும் தரையில் டேப் ஒட்டியிருந்தார், பெருக்கும்போது நகர்த்தினால் அதே இடத்தில் திரும்ப வைக்க.

நண்பரே, உங்கள் மைக் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. வலது பக்கத்தை மட்டும் இன்னொரு முறை அளந்துவிட்டு, வரும் ஞாயிறு கொண்டுவந்து தருகிறேன்.