கழிப்பறைச் சாவி யாரிடம் இருக்கிறது?

மாவட்டச் செஸ் தேர்வுப் போட்டிகளை நடத்தும் அமைப்பாளர்களுக்கும் தலைமை ஆர்பிட்டர்களுக்கும் (போட்டி நடுவர்களுக்கும்),

வணக்கம்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை, 11 வயதுக்குட்பட்ட சிறுமிகளுக்கான தேர்வுப் போட்டியின் மூன்றாவது ரவுண்டில் என்ன நடந்தது என்பது உங்களுக்குத் தெரியும். அன்று சாயங்காலமே வாட்ஸாப் குழுவில் பேச்சு வந்தது. அடுத்த பத்து நிமிடத்தில் அட்மின்கள் மட்டும்தான் எழுதலாம் என்று குழுவை மாற்றிவிட்டீர்கள். அதனால் இந்த மடல்.

என் மகள் ஒரு யானை கூடுதலாக வைத்து ஆடிக்கொண்டிருந்தாள். அவசரம் வந்தது. கையைத் தூக்கினாள், ஆர்பிட்டர் போகச் சொன்னார். அதுவரை எல்லாம் முறைப்படிதான். ஹால் இருந்த மாடியில் பெண்கள் கழிப்பறை பூட்டிக் கிடந்தது. கீழே இறங்கி அடுத்த பிளாக்குக்கு ஓடினாள், அங்கேயும் பூட்டு. சாவி வாட்ச்மேனிடம். வாட்ச்மேன் கேட்டில். முன்பின் தெரியாத ஓர் ஆளிடம் போய் இதைக் கேட்கக் கூச்சப்பட்டு, என் பிள்ளை காலை மாற்றி மாற்றி வைத்து நின்றதைக் கேட்டுக்கு வெளியே இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே போகப் பார்த்தேன். "பேரன்ட்ஸ் உள்ள வரக்கூடாது ஆன்ட்டி" என்று ஒரு தம்பி கையை நீட்டித் தடுத்தார். அவர் வேலையை அவர் செய்தார். கடைசியில் நான் கத்திய பிறகுதான் வாட்ச்மேன் சாவியைத் தேட ஆரம்பித்தார். எதிரே இருந்த குழந்தை தன் நகர்வை ஆடிக் கடிகாரத்தை அழுத்தியிருந்தது, அதனால் இவள் நேரம் ஓடிக்கொண்டிருந்தது. அந்தக் குழந்தைமேல் ஒரு தப்பும் கிடையாது. ஆளுக்கு 25 நிமிடம்தான் ஆட்டம். இவள் திரும்பி வந்தபோது நேரம் முடிந்திருந்தது.

முடிவை மாற்றச் சொல்லி இதை எழுதவில்லை. அந்தப் புள்ளி போனது போனதுதான். நான் கேட்பது ஒன்றே ஒன்று. போட்டி நடக்கும் மாடியிலேயே பெண் பிள்ளைகளுக்கு ஒரு கழிப்பறை, முதல் ரவுண்டிலிருந்து கடைசி ரவுண்டு வரை பூட்டாமல், தண்ணீர் வசதியோடு இருக்க வேண்டும்.

இது ஒரு நாள் அசம்பாவிதம் என்று சொல்லிவிடாதீர்கள். அன்றைக்குக் கேட்டுக்கு வெளியே நின்ற அம்மாக்களிடம் பேசினேன். போட்டி நாளில் தங்கள் பெண்கள் காலையிலிருந்தே தண்ணீர் குடிப்பதில்லை என்று ஒருவர் பின் ஒருவராகச் சொன்னார்கள். கொடுத்தனுப்பிய பாட்டில் சாயங்காலம் அப்படியே வீட்டுக்கு வருகிறது. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, பிள்ளைகள் தாங்களாகவே பழகிக்கொண்டது இது. சென்னை மே மாத வெயிலில், தகரக் கூரை போட்ட ஹாலில், நாள் முழுக்க நாக்கு வறள உட்கார்ந்து யோசிக்கிறார்கள். கொஞ்சம் பெரிய பெண்கள், 15 வயதுப் பிரிவில் ஆடுகிறவர்கள், மாதவிடாய் நாட்களில் போட்டிக்கே பெயர் கொடுப்பதில்லை. பெண்கள் பிரிவில் ஏன் கூட்டம் குறைகிறது என்று மேடையில் கவலைப்பட்டுப் பேசுகிறீர்கள். கீழே இறங்கி வந்து அந்தப் பூட்டைப் பாருங்கள், பதில் அதில் தொங்குகிறது.

சட்டமும் எங்கள் பக்கம்தான் இருக்கிறது. உலகச் செஸ் கூட்டமைப்பான பிடேயின் விதிகளில் 11ஆம் பிரிவு, போட்டி நடக்கும் இடம் என்பதில் ஆடுகளத்தோடு ஓய்வறையையும் கழிப்பறையையும் சேர்த்தே சொல்கிறது. அப்படியென்றால் கழிப்பறையைப் பூட்டிவைப்பது போட்டி இடத்தில் ஒரு பகுதியைப் பூட்டிவைப்பதுதானே? ஆர்பிட்டர் தேர்வு எழுதிய உங்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் சொல்லவேண்டி வந்துவிட்டது.

பெரியவர்களுக்கு இதே நடந்தபோது உலகமே நின்று பார்த்தது. 2006இல் ரஷ்யாவின் எலிஸ்டா நகரில் கிராம்னிக்கும் டோபலோவும் உலகப் பட்டத்துக்கு மோதினார்கள். கிராம்னிக் அடிக்கடி கழிப்பறைக்குப் போகிறார் என்று எதிர்த்தரப்பு புகார் கொடுக்க, அவரவருக்கென்று இருந்த தனிக் கழிப்பறைகளை மூடிவிட்டார்கள். திறக்காமல் ஆடமாட்டேன் என்று கிராம்னிக் உட்கார்ந்துவிட்டார். ஐந்தாவது ஆட்டம் ஆடாமலே தோற்றதாக அறிவிக்கப்பட்டது. பிறகு கதவைத் திறந்தார்கள், போட்டி தொடர்ந்தது, கடைசியில் சமநிலையை உடைக்க ஆடிய ரேபிட் டைபிரேக் ஆட்டங்களில் அவர்தான் ஜெயித்தார். உலகச் சாம்பியன் அடம் பிடிக்கலாம், பக்கத்தில் மேலாளர் இருப்பார். நான்காம் வகுப்புப் பிள்ளை யாரிடம் போய் அடம் பிடிக்கும்?

இந்த ஊர் செஸ்ஸுக்குப் புதிதா என்ன? உலகச் சாம்பியனோடு மோதப்போகிறவரைத் தேர்ந்தெடுக்கும் கேண்டிடேட்ஸில், 1991 ஜனவரியில் முதல் சுற்றுப் போட்டி ஒன்று இங்கே, அன்றைய மெட்ராஸில்தான் நடந்தது. ஆனந்த் சோவியத் வீரர் ட்ரீவை 4½–1½ என்று ஜெயித்தார். 2013இல் உலகப் பட்டப் போட்டியே இங்கு வந்தது. 2022இல் மாமல்லபுரத்தில் ஒலிம்பியாட் நடத்தி, வேட்டி கட்டிய 'தம்பி' என்ற குதிரைச் சின்னத்தை ஊரெங்கும் நிறுத்தினோம். 2024 ஏப்ரலில் டொராண்டோ கேண்டிடேட்ஸில் ஆடிய எட்டு ஆண்கள், எட்டுப் பெண்களில் குகேஷ், பிரக்ஞானந்தா, வைஷாலி மூன்று பேரும் நம் ஊர்ப் பிள்ளைகள். வைஷாலி கடைசி ஐந்து ஆட்டங்களை வரிசையாக ஜெயித்ததை நானும் என் மகளும் நள்ளிரவு தாண்டி விழித்திருந்து பார்த்தோம். ஞாயிற்றுக்கிழமை திரும்பி வரும்போது, டொராண்டோவில் கழிப்பறை எத்தனை மாடி தள்ளி இருந்திருக்கும் என்று அவள் கேட்டாள்.

உங்கள் நுழைவாயில் பேனரில் குகேஷ் படம் பெரிதாக இருந்தது. பக்கத்தில் அதைவிடப் பெரிதாகச் சிறப்பு விருந்தினர் படம். அவர் வரும்வரை ஒன்பதரை மணி ரவுண்டு பதினொன்றுக்குத் தள்ளிப்போனது. அவருக்குப் பொன்னாடை, ஏசி அறை, அந்த அறைக்குள் கழிப்பறை, எல்லாம் இருந்தன. முதல் நகர்வை அவர் கையால் ஆடவைத்தீர்கள், வளைந்து போகவேண்டிய குதிரையை நேராக நகர்த்தினார், எல்லோரும் கைதட்டினோம். கோப்பைகள் பிள்ளைகளின் இடுப்பு உயரம். ஒரு கோப்பையின் உயரத்தைக் குறைத்தால் ஒரு துப்புரவுப் பணியாளருக்கு ஒரு நாள் கூலி வந்துவிடும். அடுத்த குகேஷ் உங்கள் வீட்டில் என்று பேனரில் போட்டிருந்தீர்கள். எங்கள் வீட்டில் இருக்கட்டும் ஐயா, எங்கள் வீட்டில் கழிப்பறை திறந்திருக்கும்.

சரி, கோபத்தில் எங்கோ போய்விட்டேன், மன்னியுங்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் நீங்களும் குடும்பத்தை விட்டுவிட்டுத்தான் வருகிறீர்கள். கல்லூரிக்காரர்கள் கொடுக்கும் ஹாலில்தான் நடத்தியாக வேண்டும், எந்தக் கதவைத் திறப்பது என்பதும் முழுக்க உங்கள் கையில் இல்லை. பெற்றோரை உள்ளே விடாததற்கும் காரணம் இருக்கிறது, நல்ல நகர்வைச் சொல்லிக்கொடுக்கும் செஸ் இன்ஜினைப் போனில் பார்த்துச் சைகை காட்டும் காலம் இது. ஆனால் எங்களை வெளியே நிறுத்தும்போது எங்கள் பிள்ளைகளின் பொறுப்பு மொத்தமும் உங்களிடம் வந்துவிடுகிறது. ஹால் கேட்டு எழுதும் கடிதத்திலேயே, அதே மாடியில் கழிப்பறை திறந்திருக்க வேண்டும் என்று ஒரு வரி சேருங்கள். காலையில் யாரோடு யார் ஆடுவது என்ற பேரிங் பட்டியலை ஒட்டுவதற்கு முன் பெண் ஆர்பிட்டர் ஒருவர் போய்ப் பார்த்துவிட்டு வரட்டும். ஏதோ காரணத்தால் பூட்டியிருந்தால், அந்தக் குழந்தை திரும்பும்வரை ஆர்பிட்டர் கடிகாரத்தை நிறுத்திவைக்கட்டும்.

அடுத்த தேர்வுப் போட்டிக்கான அறிவிப்பு இன்னும் வரவில்லை. அது வரும்போது, போட்டி மாடியிலேயே கழிப்பறை திறந்திருக்கும் என்ற வாக்குறுதியும் அதில் இருக்க வேண்டும் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். அதற்காக நுழைவுக் கட்டணத்தில் ஐம்பது ரூபாய் கூட்டுவதாக இருந்தாலும் கட்டுகிறோம். ரசீது மட்டும் கொடுங்கள்.

இப்படிக்கு,
கேட்டுக்கு வெளியே நின்ற ஓர் அம்மா
சென்னை