உயர்நிலை நான்கு பெற்றோர்களுக்கு: மெண்டாக்கி கட்டண மானியம் பற்றி

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரப் பெற்றோர் சந்திப்பில் பலர் கேட்டது ஒரே கேள்விதான்: "மலாய்ப் பிள்ளைகளுக்கு மட்டும் பாலிடெக்னிக்கும் பல்கலைக்கழகமும் இலவசமாமே?" நின்றபடியே இரண்டு வரியில் சொல்லிவிடக்கூடிய பதில் இல்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

இலவசம் என்பது பழைய கதை. 1980களின் இறுதிவரை சிங்கப்பூரில் மலாய் மாணவர் யாருக்கும் உயர்கல்விக் கட்டணம் இல்லை. தகப்பனார் வழக்கறிஞரா, லாரி ஓட்டுநரா என்று யாரும் பார்த்ததில்லை. 1990களின் தொடக்கத்தில் இது மாறியது. வசதியுள்ள குடும்பம் கட்டட்டும், முடியாத குடும்பத்துக்கு மானியம் என்று ஆனது. மலாய், முஸ்லிம் சமூகத்தின் கல்விக்கு உதவும் சுய உதவி அமைப்பான மெண்டாக்கி, அரசாங்கம் தரும் பணத்தில் அந்த மானியத்தை வழங்குகிறது. மிஞ்சுவது மலாய் சமூகத்தின் மற்றக் கல்வித் திட்டங்களுக்குப் போகிறது. அப்போது சமூகத்துக்குள்ளேயே இதற்கு எதிர்ப்பு இருந்தது. மலாய்க்காரர்களின் சிறப்பு நிலையைச் சொல்லும் அரசியலமைப்பின் 152ஆம் பிரிவைக் காட்டிக் கேள்வி கேட்டவர்களும் உண்டு. என் கருத்தைக் கேட்டால், மாறியது நல்லதுதான். கட்ட முடிந்தவருக்குக் கொடுத்த பணம், கணக்குப் பாடத்தில் தடுமாறும் ஒரு சிறு பிள்ளையின் துணைப்பாட வகுப்புக்குப் போனால் அதில் என்ன குறை?

அடுத்து, எங்கள் பள்ளியில் கணிசமாக உள்ள தமிழ் முஸ்லிம் குடும்பங்களின் ஆதங்கம். "மாதாமாதம் சம்பளத்தில் பள்ளிவாசல் கட்டட, மெண்டாக்கி நிதிக்கும் பிடிக்கிறார்கள், சிண்டாவுக்கும் (சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கம்) பிடிக்கிறார்கள். என் மகளுக்கு ஏன் இந்த மானியம் இல்லை?" என்று ஒரு தாயார் கேட்டார். கேள்வியில் தப்பில்லை. ஆனால் இந்த மானியம் உங்கள் சம்பளத்தில் பிடிக்கும் காசிலிருந்து வருவதில்லை, அரசாங்கப் பணம். மலாய் மாணவர்களுக்கு முன்பு இருந்த இலவசக் கல்விக்குப் பதிலாக வந்தது என்பதால் அவர்களுக்கு மட்டும். மெண்டாக்கியின் துணைப்பாட வகுப்புகள் அப்படியல்ல. அவை மலாய் மாணவர்களோடு மற்ற முஸ்லிம் பிள்ளைகளுக்கும் உண்டு. தாய் மலாய், தகப்பன் தமிழர் என்று கலந்த குடும்பமானால், பிள்ளையின் அடையாள அட்டையில் இனம் என்னவென்று பதிவாகியிருக்கிறது என்று பார்த்துவிட்டு மெண்டாக்கியில் நேரடியாகக் கேளுங்கள். அக்கம்பக்கத்தில் விசாரித்து முடிவு கட்டாதீர்கள்.

இனி கணக்கு. பலர் கோட்டைவிடுவது இங்கேதான். குடும்பத்தின் மொத்த மாத வருமானத்தை வீட்டில் இருக்கும் ஆட்களின் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். அப்பாவுக்கு 3,200 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), அம்மாவுக்கு 1,800 வெள்ளி, ஆக 5,000. மூன்று பேர் குடும்பமானால் ஆளுக்கு ஏறக்குறைய 1,667. அதே சம்பளத்தில் மூன்று பிள்ளைகளும் பாட்டியும் இருந்தால் ஆறு பேர், ஆளுக்கு 833தான். சம்பளம் ஒன்றுதான், ஆனால் மானியத்தில் இரண்டு குடும்பமும் வேறு வேறு படியில் நிற்கலாம். முழுக் கட்டணத்துக்கும் மானியம், 70 விழுக்காட்டுக்கு, 50 விழுக்காட்டுக்கு என்று மூன்று படிகள் உண்டு. வருமான வரம்பை அவ்வப்போது மாற்றுகிறார்கள். மூத்த பிள்ளைக்குக் கிடைக்காமல் போனது இளையவனுக்குக் கிடைக்கலாம். இன்னொன்று: மத்திய சேமநிதி பிடித்தம் போகக் கைக்கு வரும் தொகையை எழுதாதீர்கள், பிடித்தத்துக்கு முந்தைய சம்பளத்தைத்தான் கேட்கிறார்கள். ஒரே முகவரியில் இருக்கும் பாட்டியை விட்டுவிடாதீர்கள். போன ஆண்டு ஒரு மாணவி பாட்டி பெயரை எழுதாமலேயே படிவத்தைக் கொண்டுவந்தாள். கேட்டால், "அவங்க வேலைக்குப் போகலையே சார்" என்றாள்! வேலைக்குப் போகாதவர்கள்தானே அந்தக் கணக்கில் மிகவும் உதவுகிறவர்கள்.

மானியம் படிப்புக் கட்டணத்துக்கு மட்டும். பேருந்து, சாப்பாடு, மடிக்கணினி எல்லாம் உங்கள் பாடு.

சரி, மலாய் அல்லாத குடும்பங்களுக்கு? கல்வி அமைச்சின் உயர்கல்வி உதவிநிதி எல்லா இனத்தவருக்கும் உண்டு, அதற்கும் இதே மாதிரி ஆளுக்கு விழும் வருமானத்தைத்தான் பார்க்கிறார்கள். இந்தியக் குடும்பங்களுக்கு சிண்டா இருக்கிறது. மேல்படிப்புக் கட்டணத்துக்காகப் பிள்ளையின் பெயரில் அரசாங்கம் வைத்திருக்கும் 'உயர்நிலைக்குப் பிந்தைய கல்விக் கணக்கில்' எவ்வளவு இருக்கிறது என்று பார்த்திருக்கிறீர்களா? பல பெற்றோர் அப்படி ஒரு கணக்கு இருப்பதையே மறந்துவிடுகிறார்கள்.

காசுக்குப் பயந்து பாடப்பிரிவைத் தேர்ந்தெடுக்க வேண்டாம் என்பதே என் வேண்டுகோள். விருப்பப் பட்டியலைப் பிள்ளையின் நாட்டத்தையும் மதிப்பெண்ணையும் வைத்து நிரப்புங்கள், கட்டண விஷயத்தை அப்புறம் நாம் சேர்ந்து பார்ப்போம். கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டையும் வீட்டில் உள்ள எல்லாருடைய அடையாள அட்டை நகலையும் எடுத்துக்கொண்டு பள்ளி அலுவலகத்துக்கு வந்தால், கணக்குப் போட்டுப் பார்க்க உதவுகிறோம். உங்கள் மாடியில் இருக்கும் மலாய்க் குடும்பத்திலும் இந்த ஆண்டு தேர்வெழுதும் பிள்ளை இருந்தால், அந்த வீட்டு மக்சிக்கிடமும் (மலாயில் அத்தை, சித்தி என்பதுபோல்) ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்